எழுத்துக்கு நாற்பது

டிக்கோயா வளைவில், டயர் கடைக்குப் பக்கத்தில்
என் பட்டறை.
ஓர் எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லை.

இந்த மண்ணு எங்களுது.

பதினோரு எழுத்து, நானூற்று நாற்பது.
மூன்று சுழி ணகரம் அடுத்தடுத்து இரண்டு வரும்,
அங்கேதான் உளி வழுக்கும்.
இப்போது கண்ணை மூடிக்கொண்டும் வெட்டுவேன்.
வேலைநிறுத்தத்தில் அடிவாங்கியவனுக்கு வெட்டினேன்.
அன்று துரையின் நாயைப்
பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும்
அதே வரிதான்.
கொழும்பில் நகைக்கடை வைத்து மாண்டவருக்குப்
பளிங்கில், தங்கப் பூச்சோடு.

பிரட்டுக் களத்தில் சீரங்கன் முழங்கியது,
மலை மலையாய் எதிரொலித்தது என்று
மே மாதம்தோறும் ஒலிபெருக்கி சொல்லும்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாசிக்கு முன் ஒரு மழைநாள்
குவைத்திலிருந்து வந்திருந்த அவர் மகள்
அருளாயி
குடையை மடக்காமலே உள்ளே வந்தாள்.

"அப்பா முழங்கவெல்லாம் இல்லை.
அவருக்குச் சத்தமே வராது.
பிறந்து எட்டாம் நாள் தம்பி செத்துப்போனான்.
புதைக்கப் போன இடத்தில்,
கன்று நட அளந்த மலை, குழி வெட்டாதே
என்றார் கணக்கப்பிள்ளை.
தம்பி என் மடியில் இருந்தான்,
கொழுந்துச் சாக்கில் சுற்றி.
அப்பா மண்வெட்டியைக் கீழே போடாமல் கேட்டார்:
இந்த மண்ணு எங்களுதுங்களா?

கேட்டார் அண்ணே. சொல்லல.
அவர் கல்லில் கேட்டபடியே போடுங்க."

பதினான்கு எழுத்து, ஐந்நூற்று அறுபது.
கேள்விக்குறிக்கு என்ன வாங்குவது?
அதுவரை நான் ஒன்றுகூட வெட்டியதில்லை.
புள்ளி இலவசம், வளைவுக்கு மட்டும் இருபது என்றேன்.
அவள் சிரித்தாள். நானும்.
அந்த வளைவுக்கு
ஒரு காலைப்பொழுது போயிற்று.

கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தேன்.
சங்கத்து ஆள் ஒருவர்
ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தார்:
"எழுத்துப் பிழை விட்டுட்டியே, தம்பி."
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.
எடுத்துக் குடித்தேன்.

கல் இன்னும் இங்கேதான் நிற்கிறது.
அவரைப் புதைத்த இடத்தில் நாட்ட
கம்பெனிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறாளாம்.
பதில் வரவில்லை.