பெயர் வெட்டாத கிண்ணம்

ஐம்பத்திரண்டு. பங்குனி கடைசிச் சனி.
டொக்யார்ட் வீதித் தகரக் கொட்டகையில்
செக்கண்ட் ஷோவை நிற்பாட்டிவிட்டு
படங்களுக்குப் பரிசு கொடுத்தோம்.
வேறெங்கும் கொடுத்தார்களோ, தெரியாது.
எங்களையும் யாரும் கொடுக்கச் சொல்லவில்லை.

கிழித்த ரிக்கெற்றின் பின்புறம்தான் வாக்குச்சீட்டு.
நேவிக்காரன் எறிந்த பிஸ்கெற் ரின், பெட்டி.
எண்ணியது நான்,
சுங்கக் கந்தோரில் இலக்கம் எழுதிப் பழகிய கை.

நடிகருக்குச் சண்டையில்லை.
ஒரே பெயர், ஐந்நூற்றுச் சொச்சம்,
சிலதில் இரண்டு சுழி, சிலதில் மூன்று.
நடிகைக்குத்தான் வந்தது வில்லங்கம்.
'கிணத்தடியில நிண்ட பிள்ளை.'
'வாளியக் கைவிட்டவள்.'
(மூதூர் லோஞ்சில் வந்தவன்;
சீட்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது.)
'கதைக்காமலே போனாளே, அவ.'
முந்நூற்றுப் பன்னிரண்டு.
கதாநாயகிக்கு நூற்றித் தொண்ணூறு.

படத்தில் அவள் வந்தது
ஒரு பீடி பாதி கரையும் நேரம்.
அவனுக்குக் கலியாணமாம் என்று
யாரோ சொல்லிக்கொண்டு போக
கயிறு கை நழுவும்.
கீழே தண்ணீர்ச் சத்தம்.
அவ்வளவுதான்.

எழுத்தோட்டத்தை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தோம்.
காபன் குச்சிக்கு யார் காசென்று
ஒப்பறேற்றர் மரியநாயகம் ஏசினார்.
லைட் தூக்கியவன் பெயர்கூட இருந்தது.

கிண்ணம், பீரங்கிக் குண்டின் பித்தளைக் கோது.
லேத்தில் கடைந்த ஹயாத்து லெப்பை
உளியோடு வந்து நின்றார்:
'என்ன பேர் வெட்டுற?'
கதாநாயகி பெயரையே வெட்டும் என்றார்
தலைவர் வயித்திலிங்கம்.
'அப்ப எண்ணினது எதுக்கு?'
லெப்பை கேட்டது என்னையில்லை.
ஆனாலும் நான்தான் நிலம் பார்த்தேன்.

மேடையில் ஆறு கதிரை. ஆறும் வெறும் கதிரை.
மதராசிலிருந்து யார் வரப் போகிறார்கள்!
ஐந்தில் பெயர் எழுதி ஊசி குத்தியிருந்தது.
ஆறாவதுக்கு முறை வந்தபோது
வயித்திலிங்கத்தார் தொண்டையைச் செருமி,
'கிணற்றடிப் பெண்' என்றார்.
யாரும் கை தட்டவில்லை.
கலரியில் ஒருவன் வாயால்
'தொபுக்' என்றான்.
பிறகு கலரி முழுக்க
வாளிகள் விழுந்தன,
வெகுநேரம்.

ஆவணியில் ஸ்ரூடியோக் கடிதம்:
தினக்கூலிகளின் பெயர் எம்மிடம் இல்லை.
அதற்குள் பார்சல் கட்டியாயிற்று,
காலிமுகப்பு வைக்கோல் திணித்து.
பத்திரத்தில் பெறுநர் கட்டம் வெறுமை.
வெறுமையென்றால் திருப்பு; அது சட்டம்.
கந்தோரில் அன்றைக்கு
முத்திரை என் கையில்.