ரீடிங்

மைனஸ் எண்பதில் இருக்கிறார்.
வெளியே மே மாதத்து வேலூர்,
கோட்டை அகழியில் பாசி கொதிக்கிற மதியம்.

பெயர் எனக்குத் தெரியக்கூடாது என்பது விதி.
குழாயின் மேல் முப்பத்தொன்று, அவ்வளவுதான்.
தொழில் என்ற கட்டத்தில் மட்டும்
யாரோ நிரப்பிவிட்டார்கள்:
மின்வாரியம், கணக்கெடுப்பாளர், சத்துவாச்சாரி.

முப்பது வருஷம் வீடு வீடாய் ஏறி
கதவு நிலைக்கு மேலே சுழன்ற சக்கரத்தை
அண்ணாந்து பார்த்துக் குறித்தவர்.
இப்போது நான் அவரைக் குறிக்கிறேன்.

நெற்றிப் பக்கம் ஒரு துண்டு,
பொட்டுப் பக்கம் ஒன்று,
சிறுமூளையில் ஒன்று.
எல்லாம் மிளகளவு.
அரைத்து, நொதி ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு
நறுங்கிய புரதங்களை
எடை பார்க்கும் கருவிக்குள் அனுப்பினால்
திரையில் ஊசி ஊசியாய் எழுகின்றன
நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.

அமிலாய்டு அதிகம்.
டாவ் எக்கச்சக்கம்,
உடம்பெல்லாம் பாஸ்பேட் அப்பிக்கொண்டு.
நரம்பும் நரம்பும் பேசிக்கொள்ளும் முனைகளில்
இருக்கவேண்டியது பாதிகூட இல்லை.
சிறுமூளையில் மட்டும் பெரிய சேதமில்லை.

அதனால்தானோ என்னவோ
கடைசி வருஷத்திலும்
சுவரைக் கண்டால் அண்ணாந்து நிற்பாராம்,
உள்ளங்கையில் விரலால் எண் எழுதுவாராம்.

இதைச் சொன்னது கையெழுத்துப் போட்ட மனைவி.
தொரப்பாடியில் பஸ் ஏறி
மூன்றாம் முறையாக வந்துவிட்டார்.
பையில் எனக்கு அரைக் கிலோ
இலவம்பாடிக் கத்தரிக்காய்.

"நாப்பது வருஷம் இந்திராணின்னு கூப்ட்டவரு
கடைசியில என்னைக் கஸ்தூரின்னாரு.
எங்க வீட்லயும் சரி, அவுங்க வீட்லயும் சரி
அந்தப் பேர்ல யாரும் இல்ல.
உள்ள பாத்தீங்களே,
இன்னா இருந்துச்சி?"

டாவ் என்று ஒரு புரதம்மா, என்று ஆரம்பித்தேன்.
"டாவா? அந்த வயசுலயா?"
சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.
பிறகு அவர் மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நாலாயிரம் பெயரில் அந்தப் பெயர் இல்லை என்றேன்.
கருவி பெயரைத் தேடுவதில்லை என்பதை
எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள்
கரண்ட் போயிற்று.

இருட்டில் ஃப்ரீசர் கூவியது.
"அவருக்கும் போயிடுச்சா?"
இல்லம்மா, அவருக்கு பேட்டரி இருக்கு.
"இருந்திருந்தா இந்நேரம்
ஈபி ஆபீசுக்குப் போன் போட்டிருப்பாரு."

ஜெனரேட்டர் பிடித்தது.
கதவில் மைனஸ் எழுபத்தெட்டு.
பதிவேட்டை எடுத்தேன்.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்:
"சரியா எழுதுங்க.
தப்பா ரீடிங் எழுதுனா
அவருக்குக் கோபம் வரும்."