கீழ்விளிம்பு

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலை. மழை பக்கவாட்டில் பெய்கிறது.
குறுக்கே செருகிய இரும்புத் துண்டை உருவிவிட்டு
இரண்டு கையாலும் கதவை இழுத்தார் ஹாப்லிதி.
"பத்தொன்பது வருஷமாக நிற்கிறது" என்றார்,
காபி ஊற்றுவதற்கு முன்பே.

நிற்கிறதுதான்.
அண்ணாந்து பார்த்தேன்.
உத்திரத்தின் மேல்விளிம்பை
ஒன்றரை மீட்டருக்கு ஒரு கூரைச்சட்டம்
தோளைப் பற்றியிருக்கிறது.
கீழ்விளிம்பைப் பிடிக்க ஆளில்லை.
முன்பு இருந்திருக்கிறது:
இரண்டிரண்டாகத் துளைகள்,
ஒவ்வொன்றின் கீழும் துரு வழிந்த கோடு.

"அந்தச் சாய்வு முட்டுகளா?
குளிர்க்குழாய்க்கு இடைஞ்சல். கழற்றிவிட்டோம்.
அப்புறமும் ஒன்றும் ஆகவில்லையே."

பனி கனத்தால்
நடுக்கூரையில் நசுங்குவது மேல்விளிம்பு.
அதற்குத் துணை உண்டு.
தென்கிழக்குக் காற்று கதவைப் பிளந்து நுழைந்து
கூரையை உள்ளிருந்து தூக்கும் இரவில்
இழுபட்டுக்கொண்டிருந்தது நசுங்கத் தொடங்கும்.
எஃகு உடனே ஒடியாது.
ஒதுங்கும்.
தோள் பிடித்த இடத்திலேயே இருக்க
இடுப்புக்குக் கீழே ஒரு திருகல்,
பேச்சு பிடிக்காதவன் நாற்காலியில் திரும்புவது போல.
மேலே பிடித்த பிடி கீழேயும் கொஞ்சம் உதவும்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

இரவு விடுதியில் கணக்குப் போட்டேன்.
ஒன்றைத் தாண்டக் கூடாது.
ஒன்று புள்ளி ஒன்று எட்டு.
மறுபடி போட்டேன், காற்றுக்குச் சலுகை காட்டி.
ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது.
சன்னல் அதிர்ந்தது. சலுகையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

காலையில் சொன்னேன்:
ஒன்றுவிட்டு ஒன்றுக்கு முட்டு போதும். எட்டு.
கீழ்விளிம்பில் ஓடும் நானூறு கிலோநியூட்டனை
வழிவிலகாமல் நிறுத்தப்
பத்து போதும், ஹாப்லிதி.
அவர் நம்பவில்லை.
கப்பல் கயிற்றோடு வளர்ந்தவர்,
பெரியதைப் பெரியதுதான் கட்டும் என்பவர்.

"புதிதாகச் செய்ய எவ்வளவு ஆகும்?"

மீன் அறுக்கும் வரிசையிலிருந்து வந்த போஷெனா
கையுறையைக் கழற்றாமலே
சர்க்கரை டப்பாவையும் கோப்பைகளையும் ஓரம் வைத்தாள்,
மேசையைக் கவிழ்த்தாள்.
கோண இரும்பில் நான்கு கால்கள்.
ஒவ்வொன்றின் இரு முனையிலும் துளை.
உடைமாற்றும் அறை பெஞ்சில் இன்னும் மூன்று.

ஏழு.

"எட்டாவது எனக்குத் தெரியும்" என்றாள்.
மூவரும் கதவைப் பார்த்தோம்.
குறுக்கே செருகிய இரும்பு
ஒவ்வொரு மோதலுக்கும் கொஞ்சம் எம்பி
மறுபடி உட்கார்ந்தது.

"அதை மட்டும்
காற்று அடங்கியதும் எடுத்துக்கொள்ளலாமா?"