பக்கம் 112 முதல் 139 வரை

இடப்பக்கம் ஒரு மரம்.
வேர் மேலே, கிளைகள் கீழே தொங்கும் மரம்.
இப்போதைக்கு அதில் ஒரே சொல்: தொகுதி.
வலப்பக்கம் முந்நூற்றிரண்டு படங்கள்
கோழிக்குஞ்சுகளாய் நெருக்கியடித்துக்கொண்டு.
நடுவில் நான், ஒரு மவுஸ், ஆறிய காப்பி,
கிரைஃப்ஸ்வால்ட் நூலகத்தின் இரண்டாம் தளம்.

கப்பல் வழிகாட்டி நிலையத்தின் நாளேடு, 1893.
எழுதியவர்: யோவாகிம் ப்ரூட்டர்.
மொழி: ஜெர்மன்.
இதுவரை சிக்கலில்லை.

பக்க எண் போடுவது பந்தியில் இலை போடுவது மாதிரி,
ஒன்று தவறினால் கடைசி ஆள்வரை தவறும்.
அட்டை கணக்கில் சேராது.
வெற்றுத் தாள் கணக்கில் சேராது, ஆனால் இருக்கிறது.
நாற்பத்தேழை இரண்டு முறை எடுத்திருக்கிறார் ஓட்மார்;
ஒன்றில் அவருடைய கட்டைவிரல்,
ரப்பர் உறையோடு, மார்ச் மாதத்தின் மேல்.
விரலில்லாததை எடுத்துக்கொண்டேன்.
மற்றதை அழிக்க மனம் வராமல்
மரத்துக்கு வெளியே விட்டுவைத்தேன்.

காற்று வ.மே. ஆறு. கப்பல் இரண்டு. மழை.
காற்று வ. நான்கு. கப்பல் இல்லை.
நூற்றுப் பதினோரு பக்கமும் இப்படியே,
முளை அடித்ததுபோல் நிமிர்ந்த எழுத்து.

112இல் எழுத்து சாய்கிறது.
வளைவுகள் அகலம். மை நீர்த்த மை.
காற்று வ.மே. ஆறு என்று தொடங்கி
நிற்காமல் ஓடுகிறது வரி.
அதன்மேல் கோடு.
அடிமட்டம் வைத்து இழுத்த கோடு.
ஒவ்வொரு நாளும் எண் மட்டும் தப்பித்திருக்கிறது.

வெளிச்சத்தைக் குறைத்து
நான்கு மடங்கு பெரிதாக்கினேன்.
கோடு கறுப்பு, எழுத்து பழுப்பு.
அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது:

கதவு தானே திறந்து தானே சாத்திக்கொள்கிறது.
காய்ச்சல் இறங்கவில்லை.
படகு கேட்டு வந்தவர்களிடம்
அவர் தூங்குகிறார் என்றேன்.

இன்றைய காற்றுக்கு எண் கொடுக்கத் தெரியவில்லை.
துணி காயும் முன்பே கொடியோடு போயிற்று.
ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

140இல் பழைய கை திரும்புகிறது,
நிமிரப் பார்த்து நடுங்கும் எழுத்து,
அதே கறுப்பு மை.
பிழைத்துக்கொண்டான்.
எழுந்ததும் அடிமட்டத்தைத் தேடியிருக்கிறான்.

திட்டலாம் என்று பார்த்தால் வாய் வரவில்லை.
தேதி, இடம், அளவு, மொழி,
மிச்சத்துக்குப் புலம் இல்லை என்று
நாள் முழுக்க நான் இழுப்பது என்ன?
அவனையும் யாரோ கேட்டிருப்பார்கள்,
கப்பல் எத்தனை, காற்று எவ்வளவு என்று மட்டும்.

மரத்தில் வலது கிளிக். புதிய கிளை.
112 முதல் 139 வரை இழுத்து அதில் போட்டேன்.
வகை என்ன என்றது மென்பொருள்.
கடிதம், வரைபடம், பொருளடக்கம், பிழைதிருத்தம்,
பிற.
பிற.

எழுதியவர்? கட்டாயப் புலம். சிவப்பு.
மனைவி என்று தட்டினேன்.
எப்படித் தெரியும் என்றாள் எதிர் மேசை ஸ்வாந்த்யெ.
அக்காளாக இருக்கலாம். தம்பியாகக்கூட இருக்கலாம்.
ஆண்கள் துணி காயப்போட மாட்டார்களா?
அழித்தேன்.
பெயர் தெரியாதவர்களுக்கென்று ஓர் எண் உண்டு,
அத்தனை பேரும் ஒரே அறையில்.
அங்கே அனுப்ப விருப்பமில்லை.
ஒரு கேள்விக்குறி போட்டேன். சிவப்பு போயிற்று.

கடைசிப் பெட்டியில், குறிப்பு: வேறு கை.
பிறகு கோட்டுக்கு அடியில் படிக்க முடிந்ததையெல்லாம்
பிழைகளோடு அப்படியே.
பெட்டிக்கு இருநூற்றைம்பது எழுத்துத்தான் கொள்ளுமாம்.
"ஏழு என்று வைத்துக்" என்பதோடு நின்றுவிட்டது.
கூட்டல் குறியை அழுத்தினால் இன்னொரு பெட்டி.
"கொள்ளுங்கள்."
பதினான்கு முறை அழுத்தினேன்.

சரிபார்ப்பு: பிழை இல்லை. எச்சரிக்கை பதினான்கு.
கடைசியாகத் திருத்தியவர்: கெசினெ தோம்ஸ், 16:52.

ஸ்வாந்த்யெ ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.
எவ்வளவு இருக்கும் என்றேன்.
எது என்றாள்.
அடுத்த தொகுதி புதன்கிழமை வருகிறது;
எட்டுத் தாள் நனைந்து ஒட்டிக்கிடக்கிறதாம்.