ஆறு வாரம்

ஊரைக் காலி செய்த பல் டாக்டரம்மா
ரத்தினபாயிடம் விட்டுப்போனது
மூன்று பீங்கான் பொம்மைகள்:
குட்டைப் பாவாடை விறைத்து விரிய
நுனிக்காலில் ஒருத்தி,
தாவலின் பாதியில் ஒரு ராஜகுமாரன்,
முதுகில் சிறகு முளைத்த ஒரு பிள்ளை.

சமாதானபுரம் திருப்பத்தில்
ஆட்டோ தூக்கிப் போட்டதில்
நுனிக்காலிக்குக் கணுக்காலோடு போச்சு.

நான் ஹைகிரவுண்டில் மாவுக்கட்டுப் போடுகிறவன்.
பதினேழு வருஷம்.
பைக்கில் விழுந்த கால், பனையில் இருந்து விழுந்த கால்,
புருஷன் பக்கத்தில் நிற்க
'படியில வழுக்கிட்டு' என்று சொன்ன கால்.
எல்லாக் காலிடமும் ஒரே பேச்சு:
"ஆறு வாரம் ஊணப்பிடாது."

ராத்திரி டப்பாவில் மீந்த மாவைக் குழைத்துத்
தீக்குச்சியால் பூசினேன்.
சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.
உடைந்த இடத்தில் பார்த்தால்
எலும்பு இருக்கவேண்டிய இடம் வெறும் பொந்து.
டார்ச் பிடித்திருந்தவள் கேட்டாள்:
"எந்நேரமும் இப்படி எவ்வி நின்னா வலிக்காதா?"
"வலிக்கும்."

இப்போது டிவி மேல் நிற்கிறாள்,
ஒற்றைக் காலில் வெள்ளைப் பூட்ஸ் போட்டவள் மாதிரி.
கட்டுப் பிரிக்கும் தேதியைக்
காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள் ரத்தினபாய்.

பிரித்தால் காலும் கூடவே வரும்.
அதை இன்னும் நான் சொல்லவில்லை.