எட்டுப் பொருத்தம்

பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார்
பெரம்பூர் ஜோசியர்.
ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிறோம்.
என் மேல்கையில் நாணயம் அளவு சென்சார்,
தயாளன் கையிலும் ஒன்று.
ஒரே மாவு. ஆளுக்கு நாலு இட்லி.
அவர் கோடு கூவம் மாதிரி அசையாமல் கிடக்கிறது.
என் கோடு
கத்திப்பாரா பாலத்தில் ஏறுகிறது.

"துரோகி" என்றேன் இட்லியைப் பார்த்து.

அவர் சிரித்த சிரிப்பு செவ்வாய்க்கிழமை வரைதான்.
அவருடைய தாளில் வேறோர் எண்ணை
பச்சை மையில் சுழித்தார் டாக்டர் மெஹருன்னிசா.
பிறப்போடு வரும் கொழுப்பு.
நடந்தாலும் இறங்காது,
பட்டினி கிடந்தாலும் இறங்காது.

"அப்பாவுக்கு எந்த வயசுல?"
"நாப்பத்தாறு. ஆவடி ஸ்டேஷன். ரெண்டாவது பிளாட்பாரம்."
என்னிடம்கூடச் சொல்லாத பிளாட்பாரம் அது.

சுவரில் ஊருக்கெல்லாம் ஒரே போஸ்டர்:
உப்பைக் குறை, நட, கவலைப்படாதே.
அதன் கீழே உட்கார்ந்து
இரண்டு சீட்டு எழுதினார்.
எனக்கு:
முதலில் சுண்டல், அப்புறம் இட்லி,
கை கழுவியதும் பத்து நிமிஷம் நடை.
அவருக்கு:
மற்ற கொழுப்பையாவது தாழ்த்தி வைக்க
ராத்திரி ஒரு மாத்திரை,
நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன்.
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
பையனுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பையனுக்கு ஏழு வயது. ஊசி என்றால்
கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

மொட்டை மாடியில்
துணிக்கொடிகளுக்குக் குனிந்து குனிந்து நடக்கிறேன்.
அவர் சீட்டில் நடை இல்லை.
ஆனாலும் வருகிறார், ஏதாவது பேசிக்கொண்டே,
கீழே ஆவடி வண்டி கடக்கும்போது மட்டும்
பேச்சை நிறுத்தி.