நம்பர் 1093

ஏழாங்கட்டைத் தோட்டத்திலிருந்து
ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான்
பீடோங் கிளினிக்கில் முதல் ஐம்பதுக்குள் வரலாம்.
அன்றைக்கு பஸ் வரவில்லை.
மண்டோர் மகன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டான்,
செம்பனை லோரிக்குப் பின்னாலேயே,
புழுதி தின்றுகொண்டு.

ஒரு வெள்ளி கட்டினேன்.
1093 கொடுத்தார்கள்.

இடது கால் கட்டைவிரலில் புண். இனிப்பு நீர்.
எட்டு மாதமாய் ஆறாத அதற்கு
இதுவரை ஐந்து டாக்டர்கள்.
டாக்டர் சியூ மின், சிரிக்காமலே நோகாமல் கட்டுவார்.
டாக்டர் ஹாஃபிஸ், என்னிடமே தமிழ் பழகினார்,
"வலி" வரைக்கும் வந்திருந்தார்.
பிறகு சுபாஷிணி,
பிறகு பெயர் சொல்ல நேரமில்லாத இருவர்.
ஒவ்வொருவரும் பேனாவைத் திறந்து
முதலிலிருந்து கேட்பார்கள்:
எப்போ வந்தது, எப்படி வந்தது,
அப்பாவுக்கு உண்டா, அம்மாவுக்கு உண்டா.
அடுத்த தடவை அதே நாற்காலியில் வேறு முகம்.
எங்கே அவர் என்றால்
சபாவுக்கு மாத்திட்டாங்க.
காண்டிரேக் முடிஞ்சிடுச்சி.
சிங்கப்பூர்.

இந்தக் கட்டடத்தில் நிரந்தரம்
என் கால் புண் ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு
நான்கு அறைக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன.
கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள்
எங்களைப் பார்க்காமல்
எங்கள் முட்டிகளை இடிக்காமல்
வெளியே நடந்தார்கள்.
நம்பர் பெட்டி 1090-இல் நின்றது.

"டாக்டருக்கே சம்பளம் பத்தலையாம்" என்றார் யாரோ.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அப்புறம்தான் கோபம் வந்தது.
உதிரிப் பழத்துக்கு மூட்டைக் கணக்கு எனக்கு.
பொறுக்காத நாளுக்கு யார் தருவது?
நொண்டிக்கொண்டே போனேன், திட்டத்தான்.

கார் நிறுத்துமிடத்தில் அங்சானா மரத்தடியில்
பெரட்டு போல நின்றார்கள்,
பேர் கூப்பிட ஆளில்லாத பெரட்டு.
மாடி ஜன்னலில் ஒருவர்
போனைத் தூக்கி முகம் முகமாய்ப் படம் எடுத்தார்.
கையுறைப் பெட்டியைப் பிரித்த அட்டையில்
மலாயில் ஏதோ எழுதியிருந்தது.
அதைப் பிடித்திருந்த பெண்ணின் சப்பாத்து
கட்டுப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது.

"ஏம்மா, காலை ஆறு மணியிலேருந்து நாங்க..."
"நேத்து காலையில சுங்கைப்பட்டாணியில ஏறின டியூட்டி ஆன்ட்டி,
இன்னும் இறங்கல."
சண்டைக்குச் சொல்லவில்லை,
மணி சொல்வது போல் சொன்னது.
எத்தனை காலத்துக்கு எழுதியிருக்கு என்றேன்.
"இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் தெரியாது."

அந்தத் தெரியாது எனக்குத் தெரியும்.
தோட்டம் மூன்று முறை கைமாறியது.
மூன்று முறையும் புதிதாய்ப் பேர் எழுதினார்கள்.
இருபத்திரண்டு வருடம் பொறுக்கியவள்
மூன்று முறை
முதல் நாள் ஆள் ஆனேன்.
சொல்லவில்லை. சொல்லி என்ன.

அது என் காலைப் பார்த்தது.
"கட்டு நனைஞ்சிருக்கே" என்று குனியப் போனது.
பக்கத்தில் நின்ற பையன் முழங்கையைத் தொட்டான்.
நிமிர்ந்துகொண்டது.
கண் மட்டும் கீழேயே இருந்தது.

திட்டு மீதி வாயில் இருந்தது.
போகாமல் நின்றேன்.
ஏன் என்று கேட்டால்,
நிழல் அங்கேதான் இருந்தது.

பதினொன்றரைக்கு அவர்கள் உள்ளே போனார்கள்.
நான் நொண்டிப் போய்ச் சேர்வதற்குள்
பெட்டியில் 1095.
"கூப்பிட்டோம், நீங்க இல்லை" என்றாள் முகப்புப் பெண்.
புது நம்பர் 1162.

மூன்று மணிக்கு நான்காம் அறை.
அதே சப்பாத்து.
மேசையில் பெயர்: தர்ஷாயினி.
என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை,
கண்கள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தன.
பேனாவைத் திறந்து
எப்போ வந்தது என்று கேட்டது.

முதலிலிருந்து சொன்னேன்.

ரெண்டு மாசத்துக்குள்ள ஆறிடுமா என்றேன்.
ஏன் ரெண்டு என்று
அது கேட்கவில்லை.